தாளம் தவறும் இதயம்

நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதன் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். நடுங்கும் அறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் உண்டாகும்.

இந்நோய் அடியோடு குணமாகுமா? தைராய்டு மிகுதியால் வந்ததாயின், அதைச் சரிசெய்ததும் பலருக்கு அடங்கிவிடும். நுரையீரல் சிரைகளின் வாயிலிலிருந்து பொய்த் துடிப்புகள் கிளம்புவதை 1998-இல் பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகர மருத்துவர்கள் விளக்கினர். அவ்விடத்தைச் சுட்டுத் தடுக்கும் அப்ளேஷன் சிகிச்சையால் தாளம் சீராகலாம். ஆயினும் திரும்பவும் வரக்கூடும். ஆகவே, பலருக்கு இது சர்க்கரை நோய்போல் நெடுநாள் கட்டுக்குள் வைக்கவேண்டிய நோயே.

நம் நாட்டில் இளவயதினர்க்கு இது வர முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் அலட்சியப்படுத்திய தொண்டைப்புண் சிலருக்கு அக்காய்ச்சலாக மாறி இதய வால்வைக் கெடுத்துவிடும். இத்தகையோர்க்குப் பழைய வார்ஃபரின் வகை மாத்திரையே ஏற்றது என 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவோர்க்கு ஒரு நாள் கூலி போகும். ஆனால், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று தாமாக மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வந்து, உழைக்கும் கையே செயலற்றுப் போகலாம்.

மாணவியராகிய நாம் என்ன செய்யலாம்? தம்பி தங்கையர்க்குத் தொண்டை வலியுடன் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்க்கு 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நினைவூட்டுவோம். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை தீருமுன் எடுத்துக் கூறுவோம். இறைவன் தந்த இதயத்தைப் பேணுவதும் இறைபணியே!