கொடைக்கானலில் கிட்டார் வாசிக்கும் மருமகனுக்கு

அன்புள்ள பிரவீன்,

மே மாதக் கோடை விழாவில் வாசிக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். வீட்டில் இனிக்கிற கிட்டார் ஸ்பீக்கரில் பிளாஸ்டிக் பெட்டி மாதிரி கேட்கிறது என்று வருத்தப்பட்டாயாம். குறை உன் விரலில் இல்லை.

உன் கிட்டாரில் சேடிலுக்கு அடியில் பீசோ பட்டை இருக்கிறது. கம்பி கொடுக்கும் அழுத்தத்தை மட்டுமே அது மின்சாரமாக்கும். நம் காதுக்கு வருவதோ மேல்பலகை அதிர்ந்து தள்ளும் காற்று. ஓங்கி வாசித்தால் வரும் வறட்டுச் சத்தத்துக்கு அதுதான் காரணம்.

ஈக்யூவில் கை வைக்குமுன், பிக்கப் எதில் போய்ச் சேருகிறது என்று பார். பேட்டரி இல்லாத பீசோவை மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகினால் கீழ்க்கம்பிகளின் கனம் போய்விடும். அந்த இன்புட் பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். பீசோவுக்குக் குறைந்தது 1 மெகா ஓமாவது வேண்டும். நடுவில் ஒரு பிரீஆம்ப் வைத்தால் பாதிக் குறை தீரும். கிட்டாரின் பக்கப்பலகையில் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். புது பேட்டரி போட்டு, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சாதாரண டிஐ பாக்ஸில் கொடு.

பிறகு எதையும் கூட்டாதே, குறை. வறட்டுச் சத்தத்துக்கு 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்கிப் பார். ஸ்பீக்கர் ஊளையிட்டால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் தேடு. கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று தானாக அதிர்வது அங்கேதான். சவுண்ட்ஹோலுக்கு ரப்பர் மூடி போட்டாலும் அடங்கும்.

வீணைக் கச்சேரிகளில் காண்டாக்ட் மைக் ஒட்டுகிறவர்களுக்கும் இதே பாடுதான். பலகையில் கட்டைவிரல் அகலம் நகர்த்தினாலே நாதம் மாறும். பின்னாளில் காசு சேர்ந்தால், பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்பக்கம் ஒட்டும் பிக்கப்பை வாங்கு. பலகையின் அதிர்வையே எடுப்பதால், பீசோ பட்டையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

உங்கள் ஊர் 2,100 மீட்டர் உயரம். கோக்கர்ஸ் வாக்கில் பனிமூட்டம் ஏறும் நாளில் மேல்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி உயரும், ஒலி மந்தமாகும். கிட்டாரைக் கெட்டிப் பெட்டியில், 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வை. பழனியில் வாசித்தபோது வைத்த செட்டிங் மலையில் அப்படியே பொருந்தாது.

மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பேசி அரை மணி நேரம் கேட்டு வாங்கு. சவுண்ட் செக்கில் கிட்டாரை நண்பன் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் நின்று கேள்.

அன்புடன்,
மாமா