வீட்டில் குடி, பணியிடத்தில் சுமை

கேரளத்தின் தென்கோடிக் கடற்கரையில், தமிழகத்தின் நீரோடிக்கு அருகே அமைந்த ஊர் பொழியூர். இங்கிருந்து பலர் நாள்தோறும் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள், துணிக்கடையொன்றில் பணம் வாங்கும் இடத்தில் அமரும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் மதுவைத் தொட்டதில்லை; குடிப்பவர் அவருடைய கணவர். முந்தைய இரவு உறக்கமின்றிக் கழிந்தது. பகலில் மூன்று முறை வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. மாலையில் கணக்கு முடிக்கும்போது இருநூறு ரூபாய் குறைகிறது. முதலாளியின் கண்ணுக்குத் தெரிவது கவனக்குறைவு மட்டுமே.

மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு மதுப்பழக்கத்தின் காரணமாக உதவி தேவைப்படுகிறது. அவர்களுடைய வீட்டார் எத்தனையோ பணியிடங்களில் நம்மோடு அமர்ந்திருக்கின்றனர்.

பணியிடம் செய்யத்தக்கவை

அடிக்கடித் தாமதம், திடீர் விடுப்பு, மீண்டும் மீண்டும் சம்பள முன்பணம் கேட்டல், சக ஊழியரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை வெளியே தெரியும் மாற்றங்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆகவே மேலாளர் காரணத்தை ஊகிக்காமல், பணியில் கண்ட மாற்றத்தை மட்டும் தனியே அழைத்துப் பேசுவது நன்று. "உங்களுக்கு எவ்வகையில் உதவலாம்?" என்ற கேள்வி போதும். கேட்டதை வெளியே சொல்லாதிருத்தலும், இயன்றால் சில நாள் பணிநேரத்தை மாற்றித் தருதலும் பெரிய ஆறுதல். பிழைகளைச் சக ஊழியர் மறைப்பது இரக்கமாகத் தோன்றினும், உதவி கிடைக்கும் நாளைத் தள்ளிப்போடும்.

குடும்பத்தாருக்கும் உதவி உண்டு

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அமெரிக்காவில் 1951-இல் தோன்றிய அல்-அனான் அமைப்பும் இதே வழியில் இயங்குகிறது. குடிப்பவர் சிகிச்சைக்கு இசையும்வரை வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. தமக்கான உதவியை இன்றே நாடலாம் என்பதே இவை தரும் பாடம்.

ஒன்றை மறவாதிருப்போம். நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரலாம். ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

பணத்தைக் காத்தல்

சம்பளம் தம் பெயரிலுள்ள தனிக்கணக்கில் வரவு வைக்கப்படுவது நலம். ஏடிஎம் அட்டையின் இரகசிய எண்ணையும் ஓடிபியையும் வீட்டாரிடமும் பகிர வேண்டா. குழந்தைகளின் கல்விக்கென மாதந்தோறும் தானாகவே பிடித்தம் செய்யப்படும் தொடர் வைப்புக் கணக்கு, சிறு தொகையையும் காத்துத் தரும். குடிக்கடனை அடைக்க நகையை அடகு வைக்குமுன், அக்கடன் மீண்டும் வருமா என எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் பெற்றவரின் பொறுப்புக்குச் சமமானது. சம்பளத்தைப் பறித்தல், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுத்தல் போன்ற பொருளாதாரக் கொடுமைகளிலிருந்து பெண்களுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது.

அழைக்க வேண்டிய எண்கள்

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. பெண்களுக்கான உதவிக்கு 181.

நாம் கற்பனை செய்த அப்பெண்ணிடம் குறைந்த இருநூறு ரூபாயைப் பற்றி மட்டும் கேட்டால், அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுவார். நலமா என்று சேர்த்துக் கேட்டால், ஒருவேளை அவர் பேசக்கூடும். நல்லதொரு பணியாளரை நாம் இழக்காதிருக்கும் வழியும் அதுவே.