தலைமை ஓர் அமானத்

ஒருவர் பொதுச்சேவைக்கு வந்துவிட்டால், அவர் எந்தக் கட்சி, என்ன பதவி என்றே நாம் முதலில் விசாரிக்கிறோம். அவர் எந்த வீட்டில் வளர்ந்தார், அங்கே எதைப் பார்த்து வளர்ந்தார் என்று விசாரிப்பவர் குறைவு.

கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, பாலில் தண்ணீர் கலக்கும்படி ஒரு தாய் சொன்னதையும், மகள் இறைவனுக்கு அஞ்சி மறுத்ததையும் செவியுற்ற வரலாறு நமக்குத் தெரியும். அப்பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்தார்கள். அவளுடைய பேரரே நீதியால் புகழ்பெற்ற கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) என்று வரலாற்றாசிரியர் கூறுவர். சொந்தப் பேச்சு தொடங்கியதும் பொதுப் பணத்தில் எரிந்த விளக்கை அணைத்தவர் அவர். ஒரு குடிசையில் காக்கப்பட்ட நேர்மை, இரண்டு தலைமுறை கழித்து அரசையே காத்தது.

இதே பாடத்தை நம் நாட்டு வரலாற்றிலும் காணலாம். பிரிக்பீல்ட்ஸில் நாம் தினமும் நடக்கும் பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் நல்லது எங்கிருப்பினும் அதை எடுத்துக்கொள்வது முஃமினுக்கு அழகல்லவா?

வீ. தி. சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, ரப்பர்த் தோட்டத் தொழிலில் முன்னேறியவர். மகன் கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியிலும், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இந்திய விடுதலை எழுச்சி மாணவர் மனத்தைப் பற்றியிருந்த காலம் அது. வீட்டிலே செல்வம் இருந்தது. வீட்டைச் சுற்றிலும் பால்வெட்டும் தொழிலாளர் இருந்தனர். செல்வத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை ஒருவிதம். அச்செல்வம் யாருடைய உழைப்பால் வந்ததென்று பார்த்து வளரும் பிள்ளை வேறுவிதம்.

1955-இல் அவர் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அவ்வாண்டே பொதுத்தேர்தலில் வென்று தொழில் அமைச்சரானார். பிறகு சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி முதலிய இலாகாக்களையும் வகித்தார். எனினும் அமைச்சர் பதவியைவிட அவர் பெயரை நிலைநிறுத்தியது வேறொன்று.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில், ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தன. இதற்கு மாற்றாக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். தொழிலாளர் பணத்தைக்கொண்டே தோட்டம் வாங்குவது என்பது திட்டம். சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று இதனை விளக்கினார். முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம்.

ஒரு நாள் கூலி சில வெள்ளிகளே கிடைத்த காலத்தில், 10 வெள்ளி என்பது அடுப்பில் வைக்க வேண்டிய அரிசி. அதை எடுத்துக் கொடுத்தவர்கள் சட்டதிட்டங்களைப் படித்துக் கொடுக்கவில்லை. கேட்டவரை நம்பிக் கொடுத்தார்கள். இதைத்தான் நம் மார்க்கம் அமானத் என்கிறது.

தந்தைவழி வந்த சொத்தில் பெரும்பகுதியை அவர் பொதுவாழ்வில் செலவிட்டார் என்று அவரைப்பற்றி எழுதியோர் கூறுவர். துணைவியார் தோ புவான் உமாவும் சமூகப்பணியில் ஈடுபட்டார். 1973-இல் கட்சித் தலைமை அவரிடமிருந்து, கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த மாணிக்கவாசகத்திடம் சென்றது. பதவி போனபின்னரும் கூட்டுறவுச் சங்கப் பணியை அவர் விடவில்லை. 1979 மே மாதம் காலமானார்.

இனி நம்மைப் பார்ப்போம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நம் இளைஞர் பலர் பொதுவாழ்வை நாடுகின்றனர், இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவர்களுக்கு முதற்பாடம் மேடையில் கிடைப்பதில்லை. கடையில் தராசைப் பிடிக்கும் தந்தையிடம் கிடைக்கிறது. பள்ளிவாசல் வசூலை எண்ணும்போது, தம் பணத்தையும் சங்கப் பணத்தையும் வெவ்வேறு பையில் வைக்கும் பெரியவரிடம் கிடைக்கிறது. கடைப் பையனின் சம்பளத்தை நாள் தவறாமல் கொடுக்கும் வாப்பாவைப் பார்த்த பிள்ளை, நாளை ஊர்ப் பணத்தையும் அவ்வாறே மதிப்பான். வரவு செலவைக் கேட்டவர்மீது வாப்பா சினந்து விழுவதைப் பார்த்த பிள்ளை, நாளை தானும் அவ்வாறே சினப்பான்.

ஆகவே நம் சங்கக் கணக்குகளை ஆண்டுதோறும் பிள்ளைகள் முன்னிலையிலேயே வாசிப்போம். ரசீது எழுதும் வேலையை அவர்களிடம் கொடுப்போம். சிறுதொகையில் அமானத்தைப் பேணப் பழகியவனே பெருந்தொகையிலும் பேணுவான்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் இல்லங்களை அமானத்தைக் காக்கும் இல்லங்களாக்கி அருள்வானாக! ஆமீன்.