ஐந்து நோட்டு எண்பதான கணக்கு

மேல்நிலை வணிகவியல் வகுப்பில் சரக்கிருப்பு பற்றிய பாடம் பெரும்பாலும் தொடக்க இருப்பு, கொள்முதல், விற்பனை, இறுதி இருப்பு என ஒரு நிறுவனத்தின் கணக்கோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஆலையில் உருவாகும் பொருள் விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எனப் பல கை மாறித்தான் வாங்குபவரிடம் வருகிறது. ஒவ்வொருவரும் தம் இருப்பைப் பிழையின்றி எண்ணிப் பதிவேட்டில் ஏற்றினாலும் இந்த வழங்கல் சங்கிலி தடுமாறக்கூடும். கூட்டல், கழித்தல் தெரிந்த ஏழாம் வகுப்பு மாணவரே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கடையில் வாரந்தோறும் 100 நோட்டுகள் விற்பதாகவும், நால்வரிடமும் 100 நோட்டுகள் இருப்பு உள்ளதாகவும் கொள்வோம். விதி ஒன்றுதான்: இந்த வாரம் தம்மிடம் எத்தனை கேட்கப்பட்டதோ, அத்தனை நோட்டுகள் வார இறுதியில் கையிருப்பாக இருக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க, கேட்ட சரக்கு அதே வாரத்தில் வந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரம் 105 நோட்டுகள் விற்கின்றன. கடைக்காரர் விற்ற 105ஐ ஈடுசெய்ய வேண்டும். இருப்பையும் 100லிருந்து 105ஆக உயர்த்த வேண்டும். ஆகவே 110 கேட்கிறார். மொத்த வியாபாரிக்குத் தெரிவது இந்த 110 மட்டுமே. அவர் 110 கொடுத்து, இருப்பில் 10 கூட்ட வேண்டியிருப்பதால் 120 கேட்கிறார். விநியோகஸ்தர் அதே முறையில் 140 கேட்கிறார். ஆலை 140 அனுப்பி, தன் இருப்பையும் 140ஆக உயர்த்த 180 நோட்டுகள் தயாரிக்கிறது. கடையில் கூடியது 5. ஆலையில் கூடியது 80.

அடுத்த வாரமும் 105தான் விற்கிறது. கடைக்காரர் 105 கேட்கிறார். மொத்த வியாபாரி இருப்பை 110லிருந்து 105ஆகக் குறைத்துக்கொள்வதால் 100 போதும். விநியோகஸ்தருக்கு 80 போதும். ஆலை 20 நோட்டுகள் மட்டும் தயாரிக்கிறது. மூன்றாவது வாரம் அதே ஆலையில் 140. இந்த மூன்றாம் வாரக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் மாணவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

180, 20, 140 என்று ஓடும் ஆலையில் வேலை செய்பவரின் நிலை என்ன? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1950களில் இதே கேள்வியில்தான் வந்து நின்றார். கென்டக்கியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டுச் சாதன ஆலைகள் சில காலம் மூன்று, நான்கு ஷிப்டுகள் ஓடின. சில ஆண்டுகள் கழித்துப் பாதித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தது. சந்தை நிலவரமே காரணம் என்ற விளக்கம் போதவில்லை. ஃபாரெஸ்டர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து வாரவாரியாகக் கணக்கிட்டார். ஆர்டர் கொடுக்கும் முறையே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கப் போதுமானது என்று தெரிந்தது. 1961இல் வெளியான அவரது ‘இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்’ நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

பின்னாளில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை டயாபர் விற்பனையில் இதே புதிரைக் கண்டது. குழந்தைகள் மாதாமாதம் ஏறி இறங்கிப் பிறப்பதில்லை. கடை விற்பனை ஏறக்குறைய சீராகவே இருந்தது. விநியோகஸ்தர்களின் ஆர்டர்களோ தாறுமாறாக ஏறி இறங்கின. கைப்பிடி சற்றே அசைய நுனி வீசியடிப்பதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள்.

1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகர அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அதன் பிறகு கல்லாவில் விற்பனை நடக்கும்போதே எண்ணிக்கை பதிவாவது மெல்லப் பரவியது. பார்கோடு என்றதும் பில் சீக்கிரம் போடும் கருவியென்றே நினைக்கிறோம். அதனினும் பெரிய பயன், கடை விற்பனையைச் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவரும் பார்க்க முடிவதுதான். 1980களின் இறுதியில் வால்மார்ட் தன் விற்பனை விவரங்களைப் புராக்டர் அண்ட் கேம்பிளுடன் பகிரத் தொடங்கியது. கடையின் கையிருப்பை நிரப்பும் பொறுப்பே தயாரிப்பாளரிடம் போனது.

நம் கணக்கிலும் இதைச் சோதிக்கலாம். கடையில் விற்றது 105 என்று நால்வருக்கும் தெரியட்டும். இருப்பை அந்த 105க்கே வைக்கட்டும். முதல் வார ஆர்டர்கள் 110, 115, 120. ஆலைத் தயாரிப்பு 125. அடுத்த வாரத்திலிருந்து எல்லா இடத்திலும் 105. உயர்வு முற்றிலும் மறையாது. நால்வரும் இருப்பை ஐந்தைந்து கூட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் ஆலை 180க்கும் போகாது, 20க்கும் விழாது.

இதை விளையாட்டாக நடத்த ஒரு பாடவேளை போதாது. தொடர்ந்து இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஐ.டி.யில் பீர் விற்பனையை வைத்து ஆடுகிறார்கள். நமக்கு நோட்டு போதும். நால்வர் வரிசையாக உட்காரட்டும். பேச்சு கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் பின்னால் போகும். இங்கே சரக்கு இரண்டு வாரம் தாமதமாகவே வரும். ஒவ்வொருவரிடமும் தொடக்க இருப்பு 12. வாடிக்கையாளர் தேவை முதல் நான்கு வாரம் 4, பிறகு கடைசிவரை 8. இது கடைக்காரருக்கு மட்டும் வாரம் ஒன்றாகத் தெரியும். தேங்கும் நோட்டுக்கு வாரம் 50 காசு, கொடுக்க முடியாமல் நிலுவையான நோட்டுக்கு ஒரு ரூபாய் செலவு. ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்களின் சராசரிச் செலவு இருக்கவேண்டிய குறைந்த அளவைப்போல ஏறத்தாழ 10 மடங்கு.

ஆட்டம் முடிந்ததும், விவரத்தைச் சொல்லிவிடாமல், வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று மற்ற மூவரையும் வரைபடம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் மலையும் பள்ளமுமாகத்தான் வரைவார்கள். அதன் பிறகு, ஒரே ஒரு படி மட்டும் உள்ள உண்மையான கோட்டை அதே தாளில் வரைந்து காட்டுங்கள்.