வெளிநாடு போகும் முன்னே பேசி வைப்போம்



நம் குழு அக்கா ஒருவரின் மகன் துபாய்க்கு வேலைக்குப் போனார். அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் பேச முடியவில்லை. "புள்ளைக்கு என்ன ஆச்சோ"ன்னு நாலு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. மகனோ "நல்லா இருக்கேன்மா" என்று அன்றே எழுதி அனுப்பியிருந்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது!

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம். ஆனால் அதில் கூப்பிட்டுப் பேசத் தடை உண்டு. அங்கே அனுமதி பெற்ற 'போட்டிம்' போன்ற செயலி இரண்டு பேர் போனிலும் இருக்க வேண்டும்.

ஆள் கிளம்பும் முன்னே நாம் செய்ய வேண்டியவை:

1. அங்கே உள்ள எண், முதலாளி எண், கூடத் தங்குபவர் எண் மூன்றையும் நோட்டில் எழுதி வைப்போம். முன்னால் நாட்டு எண் வேண்டும்: அமீரகம் 971, சவுதி 966, சிங்கப்பூர் 65.

2. பேசும் நேரத்தை முடிவு செய்வோம். இங்கே இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, சவுதியில் 6.30, சிங்கப்பூரில் 11.30.

3. ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைக்கச் சொல்வோம். பேங்க் ஓடிபி அதில்தான் வரும். அந்த சிம்மில் அங்கே நெட் போட்டால் காசு கரைந்துவிடும்.

4. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் நகல்களை வீட்டில் வைப்போம். பேச்சே நின்றுபோனால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க அவைதான் கை கொடுக்கும்.

இப்போது அந்த அக்கா தினமும் குரல் பதிவு அனுப்புகிறார். வரும் கூட்டத்தில் நாமும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்போமா?