தமையனுக்கும் தங்கைக்கும் தனித்தனிக் கணக்கு

பிள்ளைகளுக்கென்று நாலு காசு ஒதுக்க விரும்பாத பெற்றோர் நம் சங்கத்தில் அரியர். ஆயினும் இரண்டு மூன்று குழந்தைகள் உள்ள இல்லத்தில் அப்பணம் பெரும்பாலும் தகப்பனார் பெயரில் ஒரே கணக்கில் கிடக்கிறது. மூத்தவன் கல்லூரியில் சேரும் ஆண்டில் அது முழுவதும் வெளியேறிவிடுகிறது. இளையவளின் முறை வரும்போது, "பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லே எஞ்சுகிறது. இங்கு யாரும் வஞ்சகம் செய்யவில்லை; கணக்கு ஒன்றாக இருந்ததே காரணம். ஆகவே உடன்பிறந்தார் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரிலேயே கணக்கு வேண்டும்.

இதற்குச் சட்டம் இடந்தருகிறது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, பத்து வயது நிரம்பிய சிறுவர், வங்கி வகுக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தாமே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தாமே நடத்தலாம். அதற்கும் இளையோர்க்குக் காப்பாளர் கையொப்பமிட வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

காப்பாளர் தந்தையாகத்தான் இருத்தல் வேண்டும் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வங்கி வைப்புகளில் தாயையும் காப்பாளராக ஏற்கலாம் என 1976-லேயே ரிசர்வ் வங்கி தெரிவித்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தாமே காப்பாளராகக் கையொப்பமிட்டபோது, தந்தையின் கையொப்பம் கேட்கப்பட்டது. அவ்வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிருடன் இருக்கையிலும், பிள்ளையின் பொறுப்பை அவர் ஏற்காத நிலையில், தாய் இயற்கைக் காப்பாளராகலாம் என்று தீர்ப்பளித்தது. கணவர் வெளியூரில் தறி வேலை பார்க்க, வீட்டை நடத்தும் தாய்மார்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

இனி, எவ்வளவு செலுத்துவது? இங்கேதான் பெற்றோர் தடுமாறுகின்றனர். மூத்தவனுக்கு வயது 12, இளையவளுக்கு 4 என்று கொள்வோம். மாதம் ஆளுக்கு 500 ரூபாய் செலுத்தினால், பதினெட்டு வயது நிரம்புகையில் அவன் கணக்கில் 72 மாதங்களுக்கு 36,000 ரூபாயும், அவள் கணக்கில் 168 மாதங்களுக்கு 84,000 ரூபாயும் வட்டி நீங்கலாகச் சேரும். மாதத் தொகை சமம், முடிவு சமமன்று. அதே ஆயிரம் ரூபாயை அவனுக்கு 700, அவளுக்கு 300 எனப் பிரித்தால் இருவர்க்கும் 50,400 ரூபாய் ஆகும். இளையவளுக்கு வட்டி கூடுதலாகக் கிடைக்குமே எனலாம். அவள் கல்லூரி செல்லும் நாளில் கட்டணமும் கூடியிருக்குமன்றோ? ஆதலால் அதனை மிகையென்று கருதற்க. மூத்தவனுக்குப் பதினெட்டு நிரம்பியதும் அந்த 700-இல் ஒரு பகுதியை அவள் கணக்கிற்குத் திருப்புவதே என் கருத்தில் நியாயம்.

மாமன் திருவிழாவில் தரும் பணமும் யாருக்குத் தரப்பட்டதோ அவர் கணக்கிலேயே ஏறட்டும்.

பெண் குழந்தைகளுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 முதல் உண்டு. பத்து வயது நிரம்பும் முன் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், பதினைந்து ஆண்டுகள் செலுத்த வேண்டும். ஒரு குடும்பத்தில் இரு பெண்களுக்கே இடமுண்டு. இரட்டைப் பிறவிகளுக்கு விலக்கு உண்டு. மூன்றாம் பெண் இருப்பின் அவளுக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு முதலிய வேறு வழியை இப்போதே வகுத்துவிடுக. அவள் விடுபட்டுப் போவது எளிது.

பாவு முடிந்து கூலி பெறும் நெசவாளர்க்கு மாதந்தோறும் செலுத்தும் தொடர் வைப்பு ஒத்துவரும். தவணை தவறினால் அபராதம் உண்டு. அறுவடைக்கு அறுவடை பணம் காணும் விவசாயிக்கு அது இடர். செல்வமகள் கணக்கிலோ சாதாரணச் சேமிப்புக் கணக்கிலோ கைக்கு வந்தபோது செலுத்தலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி உட்பட, காப்பீடு பெற்ற வங்கிகளில் உள்ள வைப்புக்கு, 2020 பிப்ரவரி முதல், அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் இடும் வைப்புக்கு அக்காப்பீடு இல்லை. சங்கத்தின் மீதுள்ள பற்று வேறு. பிள்ளைகளின் நெடுங்காலப் பணத்துக்கு வேண்டிய காப்பு வேறு. இதைச் சங்கத்தின் பத்திரிகையே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வர்?

வங்கிக்குச் செல்லும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், காப்பாளரின் அடையாளச் சான்று ஆகியவற்றைக் கொண்டு செல்க. பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பும் நாளிலிருந்து காப்பாளரின் அதிகாரம் முடிகிறது. புதிய கையொப்ப மாதிரியும் அடையாளச் சான்றும் பிள்ளையே நேரில் தர வேண்டும். அந்நாளைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் இன்றே குறித்து வைக்கலாம்.