சொந்த சர்வரில் செயலி ஓட்டப்போகிறீர்களா?

ஹெரோக்கு நிறுவனம் 2022 நவம்பர் 28 முதல் தன் இலவசத் திட்டத்துக்கு மூடுவிழா நடத்தியது. சின்னச் சின்ன வலைச் செயலிகளை அங்கே காசில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மாற்று தேடிக் கிளம்பினார்கள். டோக்கு, கேப்ரோவர், கூலிஃபை போன்ற திறமூல மென்பொருள்கள் அந்த இடத்துக்குப் பொருத்தமானவை. மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர் எடுத்து இவற்றில் ஒன்றை நிறுவினால், நிரலை இறக்கி டாக்கர் கன்டெய்னராகக் கட்டுவது, டொமைனோடு இணைப்பது, எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்குவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும். சர்வர் படுத்துவிட்டால் மறுபடி எழுப்பத் தெரியுமா என்பதை வைத்துத்தான் இந்த வேலையில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

எதை எடுப்பது?

டெர்மினலில் கை பழகியவருக்கு டோக்கு. 2013இல் ஜெஃப் லிண்ட்சே சுமார் நூறு வரி பேஷ் ஸ்கிரிப்டாகத் தொடங்கியது அது. 1 ஜிபி ராம் உள்ள சர்வரிலேயே ஓடும்; உங்கள் கணினியிலிருந்து கிட் புஷ் செய்தால் செயலி ஏறிவிடும். திரையில் பார்த்துப் பார்த்து வேலை செய்ய விரும்புபவருக்குக் கூலிஃபை. ஆனால் அதற்குக் குறைந்தது 2 கோர், 2 ஜிபி ராம் வேண்டும். உங்கள் செயலிகளுக்கான ராமைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

செயலி ஓடும்போது தின்னும் ராமைவிட, பில்ட் ஆகும்போது தின்பது பெரும்பாலும் அதிகம். ராம் தீர்ந்தால் கெர்னல் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்றுவிடும். அது உங்கள் டேட்டாபேஸாகவும் இருக்கலாம். சிறிய சர்வர் என்றால் முதல் நாளே 2 ஜிபி ஸ்வாப் வைத்துவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம்

கூலிஃபையை நிறுவியதும் 8000ஆம் போர்ட்டில் பதிவுப் பக்கம் திறக்கும். அங்கே முதலில் பதிவு செய்பவர்தான் அட்மின். டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போகாதீர்கள். அதற்குள் வேறு யாரோ உங்கள் சர்வருக்கு முதலாளி ஆகிவிடலாம். கேப்ரோவரின் ஆரம்பக் கடவுச்சொல் ஊரறிந்தது, உடனே மாற்றுங்கள். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவியை மட்டும் அனுமதியுங்கள்.

ஃபயர்வால் விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஓரிடத்தில்தான். யுஎஃப்டபிள்யூவில் 22, 80, 443 தவிர எல்லாவற்றையும் மூடிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். டாக்கரோ தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிக்கொள்ளும். பப்ளிஷ் செய்த போர்ட் எதுவானாலும் யுஎஃப்டபிள்யூவைத் தாண்டி இணையத்துக்குத் திறந்தே கிடக்கும். போஸ்ட்கிரெஸின் 5432ஆம் போர்ட்டை வெளியே பப்ளிஷ் செய்யவே வேண்டாம். செயலியும் டேட்டாபேஸும் டாக்கரின் உள் நெட்வொர்க்கிலேயே பேசிக்கொள்ளும். சர்வர் நிறுவனம் தனி ஃபயர்வால் கொடுத்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

தரவு எங்கே இருக்கிறது?

பயனர்கள் ஏற்றும் படங்களைச் செயலி கன்டெய்னருக்குள்ளேயே சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிரலில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி ஏற்றுகிறீர்கள். புதுக் கன்டெய்னர் வரும், பழையது போகும், படங்களும் அதோடு போகும். எர்ரர் எதுவும் காட்டாது. எனவே, அழியக்கூடாத ஃபோல்டர்களை முன்கூட்டியே சர்வரின் டிஸ்க்கோடு மவுன்ட் செய்யுங்கள். டோக்கு, கூலிஃபை இரண்டிலும் இதற்கு வசதி உண்டு.

அடுத்தது பேக்கப். அதே சர்வரில் கிடக்கும் பேக்கப், சர்வரோடு சேர்ந்தே போகும். கூலிஃபை குறித்த நேரத்தில் டேட்டாபேஸை டம்ப் எடுத்து எஸ்3 வகைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும். டோக்குவில் எக்ஸ்போர்ட் கட்டளையைக் கிரானில் போட்டு வெளியே அனுப்பலாம். ஆனால் டேட்டாபேஸ் டம்பில் படங்கள் இருக்காது. அவற்றையும், ஏபிஐ சாவிகள் உள்ள என்விரான்மென்ட் மாறிகளையும் தனியே எடுத்து வையுங்கள். கூலிஃபை என்றால் அதன் ஆப் கீயும் அவசியம். அது இல்லாமல் குறியாக்கம் செய்த அமைப்புகளைத் திறக்க முடியாது.

பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் போதாது. மணிக்கணக்கு வாடகையில் இன்னொரு சர்வர் எடுத்து, வெளியே வைத்த பேக்கப்பை மட்டும் கொண்டு செயலியை முழுதாக எழுப்பிப் பாருங்கள். எங்கே தடுமாறினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் போன பிறகு அந்த வழியைத் தேடுவது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

யாருக்கு வேண்டாம்?

சொந்தத் திட்டங்கள், அலுவலக உட்பயன்பாட்டுச் செயலிகள், சிறு நிறுவனத் தளங்கள் ஆகியவற்றுக்கு இந்த வழி சிக்கனம். பணப் பரிவர்த்தனை நடக்கும் தளம் நள்ளிரவில் விழுந்தால் எழுந்து பார்க்க ஆளில்லை என்றால், டேட்டாபேஸை மட்டுமாவது நிர்வாகச் சேவை ஒன்றிடம் காசு கொடுத்து ஒப்படையுங்கள். எதுவானாலும், ரீஸ்டோர் ஒருமுறை வெற்றிகரமாக முடிந்த பிறகே டொமைனைப் புதிய சர்வருக்குத் திருப்புங்கள்.